தம்பியோடு சேர்ந்து வரைந்த படச்சுருள்: வெட்டி ஃபிரேம் போடலாமா? யார் பெயர் போடுவது?

ஜன்னலோரம் எழுதியது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 31 வயது, தம்பிக்கு 24. வீடு பெரம்பூர் பக்கம். தம்பிக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். பேசுவான், ஆனால் பெரும்பாலும் காதில் விழுந்த வாக்கியங்களைத் திருப்பிச் சொல்வதுதான் அவன் பேச்சு. அதில் பாதி கண்டக்டர் பேச்சு. "உள்ள போ, உள்ள போ", "படியில நிக்காத", "சில்லறையா குடு". அவன் வரைவதும் பஸ்தான். அதிலும் 29சி. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் வண்டி. எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்கும் அதில்தான் போனோம், கடற்கரைக்கும் அதில்தான் போனோம்.

அப்பா ஆபீசில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைக் கழித்துக் கட்டியபோது மிச்சமிருந்த தாளை எடைக்குப் போட இருந்தார்கள். அப்பா இரண்டு பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். ஓரத்தில் ஓட்டை வரிசையோடு, ஒன்றோடொன்று ஒட்டி மடிந்து மடிந்து வருமே, அந்தத் தாள். ஒரு மடிப்பு ஒரு அடி. தம்பி மடிப்புக்கு ஒரு ஸ்டாப் என்று ஆரம்பித்தான். ஒவ்வொன்றிலும் அதே பஸ்ஸின் இடது பக்கம். இரண்டு படி, ஜன்னல் வரிசை, ஜன்னலுக்கு மூன்று கம்பி. பின்னால் அந்த ஸ்டாப்பின் ஒரு கடை போர்டு, ஒரு கரண்ட் கம்பம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். ஜன்னலெல்லாம் வெறுமையாக இருக்கிறதே என்று, அவன் தூங்கும்போது ஒரு மடிப்பில் வெளிர் நீலம் அடித்துவைத்தேன். எழுந்து வந்து பார்த்தான். நகத்தால் சுரண்டினான், தாள் பிய்ந்தது. நெற்றியைச் சுவரில் இடித்துக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு ஐந்து வாரம் பென்சிலைத் தொடவில்லை. அவன் பஸ்ஸின் ஜன்னலில் கண்ணாடி இல்லை, வெறும் கம்பிதான். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் அதை நான் பார்க்கவில்லை.

அப்புறம் நான் அவனுக்கு எதிரே உட்காருவதை விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து என் தாளில் என் பாட்டுக்கு வரைந்தேன். எனக்கு வருவது முகங்கள். அம்மா, கீரைக்காரம்மா, எதிர்வீட்டுத் தாத்தா. அவன் தாளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் மாலை அவனே தன் தாளை என் பக்கம் தள்ளினான். காலி ஜன்னலை விரலால் தட்டி "உள்ள போ, உள்ள போ" என்றான். என்னைத்தான் அறைக்குள் போகச் சொல்கிறான் என்று நினைத்து எழுந்து போய்விட்டேன். பின்னாலேயே வந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். என் தாளில் இருந்த கீரைக்காரம்மாவைத் தட்டினான், தன் ஜன்னலைத் தட்டினான். "உள்ள போ."

கீரைக்காரம்மாவைப் பஸ்ஸில் ஏற்றச் சொல்கிறான்!

அன்றிலிருந்து பஸ் அவனுடையது, ஆட்கள் என்னுடையது. அவனுக்குச் சட்டம் உண்டு. ஒருமுறை எதிர்வீட்டுத் தாத்தாவை ஜன்னலில் உட்காரவைக்கப் போனேன். "லேடீஸ் சீட்டு, எந்திரி" என்றான். சரிதானே, இடது பக்கம் பெண்கள் சீட்டு. அதனால் எங்கள் பஸ்ஸில் தெரிகிறவர்கள் எல்லோரும் பெண்கள். மகளிருக்கு 2021ல் இலவசப் பயணம் வந்து, பிறகு பஸ்ஸின் முன்பக்கம் பிங்க் ஆனபோது, எங்கள் போஸ்டர் கலர் பெட்டியில் அந்த நிறம் இல்லை. வெள்ளையில் சிவப்பைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, அவன் "ரைட்" சொல்லும்வரை இரண்டு நாள் ஆனது.

இப்போது 34 மடிப்பு முடிந்து பெசன்ட் நகர் வந்தாயிற்று. ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளுக்கு ஒரு சங்கத்தில் இதை வைக்கக் கேட்கிறார்கள். மடிப்பு மடிப்பாக வெட்டி ஃபிரேம் போட்டு விற்கலாம் என்கிறார்கள். கீழே தம்பி பெயரும் "ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்டவர்" என்ற வரியும் வருமாம். என் பெயர் வேண்டாம், போட்டால் அவன் திறமை குறைந்து தெரியும் என்கிறார்கள். பெயருக்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் ஏதோ சரியாகப் படவில்லை. உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து வரைகிறவர்கள், செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

புள்ளிக்காரன் எழுதியது:

அக்கா, கீரைக்காரம்மா பஸ் ஏறுன இடத்துல கண்ணு கலங்கிடுச்சு.

எங்க ஊரு கும்பகோணம் பக்கம். என் அக்காவுக்கு 38, எனக்கு 33. அக்காவுக்குப் பேச்சு கிடையாது. ஆனா சிக்குக் கோலம் போட்டா இழை ஒரு இடத்துல கூட நிக்காது. 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரைக்கும். ஒரே மூச்சுல சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலயே முடிப்பா. ஆனா வெறுந்தரையில அவளால ஆரம்பிக்க முடியாது. புள்ளி நான்தான் வைக்கணும். பதினஞ்சு வயசுலேருந்து வைக்கிறேன். ஒரு புள்ளி விரக்கடை தள்ளிப் போனாலும் காலால தேய்ச்சு அழிச்சிடுவா, மறுபடி முதல்லேருந்து வைக்கணும். மார்கழியில நாலரை மணிக்கு எழுப்பிடுவா.

அரிசி மாவு அவளுக்கு ஆகாது. விரல்ல வழவழன்னு ஒட்டுனா கையை உதறிட்டு உள்ள போயிடுவா. கல்மாவுதான் வேணும், அதுவும் சலிக்காத சொரசொர மாவு. இது தெரியாம அம்மா மூணு வருஷம், "இவளுக்குக் கோலம் பிடிக்கல"ன்னே நெனச்சிட்டு இருந்தாங்க. இங்க படிக்கிறவங்க வீட்டுலயும் "பிள்ளைக்கு வரையறதுல ஆர்வம் இல்ல"ன்னு முடிவு கட்டியிருந்தா, ஒரு தடவை பொருளை மாத்திப் பாருங்க. ஈரமா இருந்ததைக் காய்ஞ்சதா மாத்துங்க, பெயிண்ட் வாசனை ஆகலன்னா பென்சில் குடுங்க.

நான் ஒரு ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். 1974லயே சென்னை கிறிஸ்தவக் கல்லூரி கிஃப்ட் சிரோமணியும் அவர்கூட இருந்தவங்களும் கோலத்தை ஒரு மொழி மாதிரி எடுத்துக்கிட்டு, அதுக்கு இலக்கண விதி எழுதினாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆய்வு அது. வகுப்புல அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அக்கா விரல்தான் ஞாபகம் வரும்.

எங்க கோலத்துல வெட்டுறது விக்கிறதுங்கிற பேச்சே இல்ல. எட்டு மணிக்கு மேல சைக்கிள் ஏறிப் போகும், அக்கா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. போடும்போது யாராவது மிதிச்சாத்தான் கோவம். உங்க தம்பிக்கு அப்படியில்லை போல, தாள் ஒட்டியே இருக்கணும். அவருக்கு எது முக்கியம்னு உங்களுக்கே தெரியுது அக்கா. வெட்ட வேண்டாம்.

---

மணிச்சத்தம் எழுதியது:

நான் சிறப்புக் கல்வி ஆசிரியை, பத்தொன்பது வருஷ அனுபவம். ஜன்னலோரம், நீங்கள் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தீர்களே, அதைத்தான் நாங்கள் பயிற்சியிலும் சொல்லித் தருகிறோம். எதிரே உட்கார்ந்தால் முகத்தையும் பார்க்க வேண்டும், கேட்டதற்குப் பதிலும் சொல்ல வேண்டும் என்ற பாரம் வந்துவிடுகிறது. பக்கத்தில் இருந்தால் இரண்டு பேர் கண்ணும் தாளில் இருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையின் கையை மேலிருந்து பிடித்து வரையவைக்காதீர்கள். கோடு வரும், ஆனால் அது உங்கள் கோடு. உதவி தேவை என்றால் உங்கள் கை கீழே இருக்கட்டும், குழந்தையின் கை அதன்மேல் இருக்கட்டும். வேண்டாம் என்றால் அது உடனே கையை எடுத்துக்கொள்ளலாம். கண் பார்வை, காது கேட்கும் திறன் இரண்டுமே இல்லாத பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும்போது இப்படித்தான் செய்கிறார்கள், இங்கேயும் அது பொருந்துகிறது. "முதலில் இது, பிறகு அது" என்று இரண்டு படஅட்டை வைத்துக்கொள்ளுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் பதற்றம் பாதி குறையும்.

ஒரு யோசனை. 29சி நன்றாக வந்துவிட்டது. அடுத்து 21ஜி வரையலாமே? பிறகு ரயில். மெல்ல மெல்ல விரிவாக்கினால் தம்பிக்கு நல்லது.

---

வடலி எழுதியது:

நான் டொரொன்டோவில இருந்து எழுதுறன். என்ர தம்பிக்கு 19 வயசு, கதைக்க மாட்டார். நாங்கள் ரெண்டு பேரும் கம்பளி நூல் சுத்துறனாங்கள். கதிரைக் கால், பழைய குடை, என்ன கிடைச்சாலும் அவர் சுத்துவார். நான் நூலை அவிழ்த்து நீளமாக்கிக் குடுப்பன். அதுதான் என்ர வேலை.

உங்கட கேள்வியைப் பார்க்க எனக்கு ரெண்டு பேர் ஞாபகம் வந்தினம். ஒருவர் லண்டனில இருக்கிற ஸ்டீபன் வில்ட்ஷயர், 1974 இல பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர். ஹெலிகொப்டரில ஒருக்கா சுத்திப் பார்த்திட்டு 2005 இல டோக்கியோ நகரத்தை 10 மீற்றர் நீளத்துக்கு ஞாபகத்தில இருந்து கீறினவர். எல்லாரும் அவற்ற ஞாபகசக்தியைத்தான் கதைப்பினம். அவருக்குப் பக்கத்தில அக்கா அனெட் இருக்கிறா எண்டதை ஆர் கதைக்கினம்? அவற்ற வேலையள் ஒழுங்கா நடக்க அவவும் துணை.

மற்றவா ஜூடித் ஸ்கொட். அவவுக்கு ஆட்டிசம் இல்லை, டவுன் சிண்ட்ரோம், காதும் கேளாது. காது கேளாது எண்டதைக்கூடக் கனகாலம் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. 7 வயசில விடுதியில விட்டினம், 35 வருசம் அங்கதான். இரட்டைச் சகோதரி ஜோய்ஸ்தான் 1980களில அவவைத் தன்னோட கூட்டிக்கொண்டு போய், ஓக்லாண்டில 1974 இல தொடங்கின கிரியேட்டிவ் குரோத் எண்ட கலைக்கூடத்தில சேர்த்தவா. முதல் ரெண்டு வருசத்துக்குக் கிட்ட ஒண்டிலயும் அவவுக்கு மனம் போகேல்லை. பிறகு நூலைத் தொட்டா. அதுக்குப் பிறகு 2005 இல சாகுமட்டும் நூல் சுத்தின சிற்பங்கள்தான். இப்ப அதுகள் பெரிய மியூசியங்களில இருக்கு. என்ர தம்பிக்கு நான் முதல் முதல் நூல் வாங்கிக் குடுத்ததே அவவின்ர படத்தைப் பார்த்துத்தான்.

உங்கட பேரைக் கட்டாயம் போடுங்கோ. பஸ்ஸுக்க இருக்கிற சனம் தானா வந்து ஏறேல்லைத்தானே.

---

அமைதிநேரம் எழுதியது:

எனக்கே ஆட்டிசம் உண்டு. 22 வயதில்தான் தெரிந்தது, இப்போது 28. எனக்குப் பேச்சு வரும், ஆகவே ஜன்னலோரத்தின் தம்பிக்காக நான் பேச முடியாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

மணிச்சத்தம் டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். 29சி முடிந்தது, அடுத்தது 21ஜி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கழுத்து இறுகியது. சின்ன வயதில் நான் மின்விசிறி வரைவேன். மூன்று இறக்கை, நடுவில் வட்டம், மேலே தண்டு. தினமும் அதேதான். ஒவ்வொன்றிலும் இறக்கையின் வளைவு வேறு, அதை யாரும் கவனிக்கவில்லை. "ஃபேன் போதும், பூ வரை" என்றார்கள். பூ வரைந்தேன், நட்சத்திரம் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு நானாக எதையும் வரைந்ததில்லை. ஃபேனைத் தொடர விட்டிருந்தால் எங்கே போயிருப்பேன் என்று தெரியாது. பூவோடு நின்றுபோனது மட்டும் தெரியும்.

34 ஸ்டாப்பிலும் அதே பஸ் என்று தோன்றுவது நமக்கு. அவருக்கு அது 34 பஸ்ஸாக இருக்கலாம். ஜன்னலோரம், வெளிச்சத்தில் வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

"பாதிக்கப்பட்டவர்" என்ற சொல் வேண்டாம். வரைந்தவர்கள் என்று இரண்டு பேர் பெயரைப் போடுங்கள், எந்தத் தாளில் எதனால் வரைந்தது என்று போடுங்கள். ஆட்டிசம் என்று எழுதலாமா என்பதை அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பேச்சில் கேட்க முடியாவிட்டால் படத்தைக் காட்டிக் கேளுங்கள். படத்தைத் தொட்டால் அதற்கான சொல்லைப் பேசும் ஆவாஸ் செயலி சென்னையிலேயே உருவானது, தமிழிலும் இருக்கிறது. அதில் "வேண்டாம்" பொத்தானை முதல் பக்கத்திலேயே வையுங்கள். பலர் வீட்டில் "வேணும்" மட்டும்தான் முன்னால் இருக்கிறது.

---

மணிச்சத்தம் எழுதியது:

கோபமில்லை தம்பி. இரண்டு முறை படித்தேன். என் வகுப்பில் ஒரு பையன் கதவுத் தாழ்ப்பாள் மட்டும்தான் வரைகிறான். அவனுக்கு நாளை வீடு வரையச் சொல்லித்தரலாம் என்று திட்டம் எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். அந்த 21ஜி யோசனையையும் எடுத்துக்கொள்கிறேன்.

---

மாடிவீடு எழுதியது:

எல்லோரும் வெட்டாதே, விற்காதே என்கிறீர்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். எனக்கு 52, தம்பிக்கு 45. அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். எனக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற கேள்வியோடுதான் தினமும் தூங்குகிறேன். கையில் இருக்கும் வேலையிலிருந்து நாலு காசு வந்தால் அதில் தப்பே இல்லை.

கார்த்திகைக்கு நாங்கள் அகல் விளக்கில் வண்ணம் தீட்டி விற்கிறோம். களிமண் விளக்கு மொத்தமாக வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து நான் பூச்சடிப்பேன். விளிம்பில் மஞ்சள் கோடு அவன் போடுவான். விளிம்பு மட்டும்தான், அதுவும் மஞ்சள் மட்டும்தான். போன வருஷம் 200 விளக்கு. வந்த பணத்தில் பாதி அவன் பெயரில் பேங்கில். புத்தகத்தில் வரவு ஏறியதும் எடுத்துக் காட்டுவேன், எண்களைத் தடவிப் பார்ப்பான்.

ஆனால் சுருளை வெட்டச் சொல்ல மாட்டேன். நல்ல கடையில் மடிப்பு மடிப்பாக ஸ்கேன் எடுங்கள். அஞ்சலட்டை அளவில் அச்சடித்து விற்கலாம். அசல் ஒட்டியபடியே வீட்டில் இருக்கட்டும். இதை அந்தச் சங்கத்தாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

சட்டப் பக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் முதல் உரிமை அதை வரைந்தவருக்கே. இரண்டு பேர் பங்கும் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்திருந்தால் அது கூட்டுப் படைப்பு. எனவே இரண்டு பெயர் போடுவது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. உங்கள் பெயரை விட்டால்தான் பொய்யாகும்.

தம்பிக்கு 24 வயது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொத்து வைத்திருக்கவும் தன் பணத்தை நிர்வகிக்கவும் மற்றவர்களைப் போலவே அவருக்கும் உரிமை தருகிறது. பாதுகாவலர் நியமனம் தேவைப்பட்டால் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். 18 வயது தாண்டியபின் பெற்றோர்கூடத் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை, பல வீடுகளில் இது தெரியாது. சங்கத்தோடு எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். அச்சடிக்கும் உரிமை எத்தனை பிரதிக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பது அதில் இருக்கட்டும்.

---

ஜன்னலோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லாமல் இழையைப் பாதியில் விட மனமில்லை, அதனால் வந்தேன்.

முதலில் அமைதிநேரம் கேட்டதற்குப் பதில். நேற்று மொட்டைமாடியில் 34 அடியையும் விரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. ஸ்டாப்புக்கு ஸ்டாப் டயர் அமுங்கியிருக்கும் அளவு மாறுகிறது. லஸ்ஸில் பஸ் இடது பக்கம் சாய்ந்தே இருக்கிறது. அங்கே கூட்டம் படியில் தொங்கும். நான் அந்த மடிப்பில் நாலு பேரைத்தான் வரைந்திருக்கிறேன், அவன் நாற்பது பேரின் எடையை முன்பே வரைந்துவைத்திருக்கிறான். அடையாறில் இறங்கிவிடுகிறார்கள் போல, டயர் மறுபடி உருண்டையாக இருக்கிறது. ஆறு வருஷம் அதன்மேலேயே ஆள் வரைந்துகொண்டிருந்த எனக்கு இது தெரியவில்லை.

சங்கத்தாரிடம் பேசினேன். வெட்டுவதில்லை, இரண்டு பெயர், "பாதிக்கப்பட்டவர்" கிடையாது என்றேன். ஒருவர் முகம் சுளித்தார், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். தம்பியை முந்தின வாரமே அந்தக் கூடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். டேபிள்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சுருளை விரிப்பது போல ஒரு படம் வரைந்து காட்டினேன். பக்கத்தில் கத்தரிக்கோல் படத்தையும் வைத்தேன். கத்தரிக்கோலை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தான். டேபிள் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அன்று கூட்டம் அதிகமில்லை. ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். அவன் பெரம்பூர் முனையில் தொடங்கி ஒவ்வொரு மடிப்பாக நடந்தான். கடைசியில் "லாஸ்ட் ஸ்டாப், இறங்கு" என்று உரக்கச் சொன்னான். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிஜமாகவே ஒரு அடி நகர்ந்து நின்றார். இருபது நிமிஷம் கழித்துக் காதைப் பொத்த ஆரம்பித்தான். கிளம்பிவிட்டோம், முழு நாளும் இருக்கவில்லை. அஞ்சலட்டை யோசனைக்கு இன்னும் அவனிடம் கேட்கவில்லை, கேட்கிறேன் மாடிவீடு அண்ணா.

நான் எழுத வந்தது இதற்கு அடுத்த விஷயம்.

மறுநாள் காலை அவன் சுருளை மொத்தமாகத் தூக்கி அப்படியே திருப்பிப் போட்டான். பின்பக்கம் வெள்ளை. பெசன்ட் நகர் மடிப்பிலிருந்து பென்சிலை வைத்தான். கோடு போடப் போட எனக்குப் புரிந்தது. தாளின் அந்தப் பக்கம் பஸ்ஸின் அந்தப் பக்கம். படி இல்லை. முன்னால் டிரைவர் கதவு. டிரைவரை அவனே வரைந்தான், அவன் வரைந்த முதல் ஆள். ஜன்னல், ஜன்னலுக்கு மூன்று கம்பி.

முடித்துவிட்டு எழுந்துபோய் அலமாரியில் என் பழைய தாள்களைக் கலைத்தான். ஆறு வருஷத்துத் தாள்கள் அவை, நானே எங்கே எது இருக்கிறது என்று மறந்துவிட்டேன். எதிர்வீட்டுத் தாத்தா படத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தான். காலி ஜன்னலைத் தட்டினான்.

"உள்ள போ, உள்ள போ."